ஊசிக்கு முன்னால் ஒரு சேவல்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. கடைசியில்தான் வரும். அதுவரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், சிகாமணியைத் தவிர.

"நான் ஊசியை எடுத்தா ஏன் எல்லாரும் அலறுதாங்க?" என்று கேட்டார் பல் டாக்டர் சண்முகசிகாமணி.

கேட்டது இன்னொரு பல் டாக்டரிடம். பெயர் ஜெனோவா. சிகாமணியின் வயதில் பாதிதான் இருக்கும். தூத்துக்குடியில் அடுத்த தெருவில் கிளினிக்; சிகாமணி இப்போது அங்கேதான் வந்திருந்தார். அங்கே போய் வருகிறவர்கள், ஊசி போட்டதே தெரியவில்லை என்கிறார்கள்.

சிகாமணியிடம் வருகிறவர்களின் சத்தம் முக்கு டீக்கடை வரை கேட்கும். "ஐயோ, அம்மா, விட்டுருங்க சார்!" டீ மாஸ்டர் அதை ராகம் மாறாமல் பாடிக் காட்டுவார்.

"மரத்துப்போறதுக்குத்தானே ஊசி? அந்த ஊசிக்கே ஒரு ஊசி வேணும்ங்காங்க, டாக்டரம்மா."

ஜெனோவா காற்றை முகர்ந்து பார்த்தார்.

"எத்தனை நாளா கிராம்பு கடிக்கீங்க சார்?"

சிகாமணி மாட்டிக்கொண்டார்.

இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல். சொத்தை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் பல்லையே பிடுங்க வேண்டியதுதான். அது சிகாமணிக்கே தெரியும். ஆனால் வைத்தியத்துக்கு முன்னால் ஊசி இருக்கிறதே. ஊசி எப்படி வலிக்கும் என்று சிகாமணியைவிட யார் அதிகம் கேட்டிருப்பார்கள்?

"மருந்தை வெதுவெதுப்பா வச்சுக்கணும், ஈறுல ஜெல் தடவணும், மெதுவா ஏத்தணும். எல்லாம் படிச்சிருக்கேன். எல்லாத்தையும் செய்யத்தான் செய்யுதேன்."

"எவ்வளவு நேரத்துல?"

"சட்டுனு முடிச்சிருவேன். வலியைப் போட்டு இழுத்தடிக்கக் கூடாதுல்லா?"

ஜெனோவா நாற்காலியைக் காட்டினார்.

சிகாமணி அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"போடுங்க. ஆனா எப்பன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா எந்திரிச்சு ஓடிருவேன்."

"சரி. முதல்ல ஒரு ஜோக் சொல்லுதேன். முடிஞ்சதும் சிரிக்கலாம். நடுவுல சிரிக்கக் கூடாது, அசையவும் கூடாது."

"அப்புறமா ஊசி?"

"வாயைத் திறங்க."

சுகர், பிரஷர், மருந்து ஒவ்வாமை எல்லாம் ஏற்கெனவே விசாரித்தாயிற்று. ஜெனோவா ஈறைத் துடைத்து ஜெல் வைத்தார். மருந்துக் குப்பியைக் கைக்குள் பொத்திக்கொண்டார், கோழி முட்டையைப் பொத்துவதுபோல.

"திருச்செந்தூர் பஸ். ஒருத்தர் கட்டைப்பையோட ஏறுதார். பைக்குள்ள ஒரு சேவல், நல்ல தூக்கத்துல."

நிறுத்தினார்.

அப்புறம் என்று சிகாமணியின் கண்கள் கேட்டன.

ஜெனோவாவின் தொண்டைக்குள் கண்டக்டர் ஏறினார். "'யோவ், பைக்குள்ள என்ன?' 'கத்தரிக்காண்ணே.' 'கத்தரிக்காய்க்கு எதுக்குய்யா கொண்டை? அதுக்கும் ஒரு டிக்கெட் எடு!'"

சிகாமணிக்குச் சிரிப்பு முட்டியது.

"இது ஜோக் இல்ல சார். ஜோக் இனிமேதான்."

அடுத்து மூக்கால் பேசினார். "பின் சீட்டுல ஒரு பெரியம்மா. 'ஏன் தம்பி, தூங்குற உசுருக்குப் போய் டிக்கெட் கேக்கலாமா?' 'அப்போ நீங்களும் தூங்கியிருக்கலாமே பெரியம்மா!'"

நிறுத்தினார். மறுபடி நிறுத்தம்!

"கண்டக்டர் பையைத் திறக்கப் போறாரு. அதுக்குள்ள பஸ் ஆத்தூர் பாலத்துல ஏறிட்டு. ரோடு சரியில்ல." சிகாமணியின் கன்னத்தைப் பிடித்து ஆட்டினார். "குலுங்குது. நல்லா குலுங்குது. கண்ணை மூடிக்கோங்க, ஒரே தூசி."

சிகாமணி கண்ணை மூடினார். கன்னம் குலுங்கியது. குலுங்கிக்கொண்டே இருந்தது. ஆத்தூர்ப் பாலம் இவ்வளவு நீளமா? சேவல் முழித்துக்கொள்ளுமா? கொத்துமா? ஒருவேளை சேவலே டிக்கெட் கேட்குமோ?

"கண்டக்டர் கை பைக்குள்ள போகுது... மெதுவா... இன்னும் சேவலைத் தொடல... மெதுவா... அவருக்கும் பயம்..."

எங்கேதான் இருக்கிறது அந்தச் சேவல்?

"பஸ் நின்னுட்டு. எல்லாரும் டீ குடிக்க இறங்குதாங்க."

ஜெனோவா கையை எடுத்தார். நாற்காலியை நிமிர்த்தினார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சிகாமணி காத்திருந்தார். யாரும் டீ குடித்து முடிக்கிற மாதிரி தெரியவில்லை.

"சேவல் என்னாச்சு?"

"டீ ஆறட்டும் சார்."

இன்னும் காத்திருந்தார்.

"இப்பமாவது சொல்லுங்க."

"ஜோக் அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? இதுல சிரிக்க என்ன இருக்கு? நான் என்ன சின்னப்பிள்ளையா? ஊசியைப் போடுங்கன்னு வந்தா, பஸ்ஸுல ஏத்தி நடுப் பாலத்துல இறக்கி விட்டுட்டீங்களே! முடியலைன்னா முடியலைன்னு சொல்லணும். நான் என் சொத்தையோடயே போறேன்!"

எழுந்தே விட்டார்.

"கோபப்படாதீங்க சார். ஜெல் கசக்கும். கொப்பளிச்சுட்டுப் போங்க."

சிகாமணி முறைத்துக்கொண்டே தண்ணீரை வாங்கினார். ஒரு மடக்கு. வாயை இறுக்க மூடிக் கொப்பளித்தார். மூடியதாகத்தான் நினைத்தார்.

நெஞ்சு ஜில்லென்றது. குனிந்து பார்த்தார். சட்டைப் பை நனைந்திருந்தது.

உதட்டைத் தொட்டார். யாரோ ஒருவருடைய உதடு.

கிள்ளினார். யாருக்கோ வலித்திருக்கும்.

"எப்ப..." என்று ஆரம்பித்தார்.

"பாலத்துல, தம்பி" என்றார் ஜெனோவா, பெரியம்மாவின் மூக்கால்.

சிகாமணி மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வாயைத் திறந்தார். திறந்த வாய் சிரித்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் சிரிக்கிறது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.