துக்க வீட்டுத் தண்ணீர்

மேட்டுக்காட்டில் ஈட்டியார் என்ற முள்ளம்பன்றி இருந்தார். காட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முறை சொல்லுகிறவர் அவர்தான். கல்யாணத்தில் யார் முன்னே நிற்க வேண்டும், கருமாதியில் யார் பின்னே நிற்க வேண்டும், எந்த வீட்டில் எதைப் பேசக் கூடாது என்றெல்லாம் அவரைக் கேட்டுத்தான் எல்லாரும் நடப்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

ஒரு கார்த்திகை மாதம் கடலில் பெரும் புயல் கிளம்பியது. மேட்டுக்காட்டில் நாலு கிளையை முறித்துப் போட்டதோடு அது போய்விட்டது. ஆனால் கிழக்கே, கடலை ஒட்டியிருந்த கரைக்காட்டை அது விட்டுவைக்கவில்லை. மரங்களை வேரோடு சாய்த்தது. கடலையே கிளப்பிக் காட்டுக்குள் அனுப்பியது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்த காகத்துக்கு நாக்குழறியது. மான் கூட்டம் திசைக்கொன்றாகச் சிதறிவிட்டதாம். செவந்தி என்ற புள்ளிமானும், பால்குடி மறக்காத அவள் குட்டியும் மட்டும் குளத்தங்கரையில் மிஞ்சிக் கிடக்கிறார்களாம். குட்டிக்குக் காலில் அடி, நடக்க முடியவில்லை. செவந்தியின் துணையான ஆண்மான் நாவல் மரத்தின் அடியில் அகப்பட்டுச் செத்துப்போயிற்று.

மேட்டுக்காட்டார் கல்நெஞ்சர்கள் அல்ல. அதைக் கேட்டதும் மயில் இரை எடுக்கவில்லை. முயல்கள் தங்கள் குட்டிகளைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டன. நரியம்மாள் விடிய விடியத் தூங்காமல் புலம்பினாள். மறுநாள் காலையில் எல்லாரும் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள். காட்டுப்பன்றியும், எறும்புதின்னியான அழுங்கும்கூட வந்தன. அழுங்கு அவ்வளவு சுலபத்தில் வெளியே வருகிற பிராணி அல்ல.

கிளம்புமுன் ஈட்டியார் அவர்களை நிறுத்தி முறை சொன்னார். போன உடனே அழ வேண்டும். பிறகு நடந்ததை ஆதியோடந்தமாகத் துக்கக்காரர் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். கேட்காமல் வந்தால் அது விசாரிப்பே இல்லை. முக்கியமாக, துக்க வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது.

"தாகம் எடுத்தா?" என்று காட்டுப்பன்றி கேட்டது.

"எடுக்கக் கூடாது" என்றார் ஈட்டியார்.

வழி நெடுகிலும் நல்ல வெயில். ஒதுங்க ஒரு மரம் நிற்கவில்லை. ஒருவழியாகக் கரைக்காட்டை அடைந்தார்கள். காடு இருந்த இடத்தில் கட்டைகள் கிடந்தன. நடுவே குளம் மட்டும் கரை தளும்பக் கிடந்தது. குளமாவது மிஞ்சியதே என்று மயில் பெருமூச்சு விட்டது.

கரையில் செவந்தி படுத்திருந்தாள். அவள் வயிற்றோடு ஒட்டிக் குட்டி கிடந்தது. இவர்களைக் கண்டதும் செவந்தி எழுந்து நின்றாள். வந்தவர்களை எழுந்து வரவேற்பதுதானே முறை. அவள் கால்கள் நடுங்கியதை ஈட்டியார் கவனித்தார். துக்கம் தாளாமல் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

உடனே எல்லாரும் அழுதார்கள். அழுது முடித்ததும் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். செவந்தி சொன்னாள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, கடல் எப்படி வந்தது, நாவல் மரம் எப்படிச் சாய்ந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் குரல் கரகரத்தது. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது என்று முயல்கள் கிசுகிசுத்தன. பின்னால் இருந்த அழுங்குக்குக் காது கேட்கவில்லை. அதற்காக நரியம்மாள் மரம் சாய்ந்த இடத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். செவந்தி அதையும் சொன்னாள். முந்தின நாள் வந்த வடகாட்டுக் குரங்குகளுக்கும், அதற்கு முன் வந்த ஆற்று நீர்நாய்களுக்கும் அவள் இதே கதையைத்தான் சொல்லியிருந்தாள்.

இதற்குள் ஈட்டியாரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே குளம் பளபளத்தது. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினார். முகம் திரும்பியதே தவிர மனம் திரும்பவில்லை. நரியம்மாள் புதிதாக ஓர் ஒப்பாரி எடுத்தாள். எல்லாரும் தலை குனிந்த அந்த நேரம் பார்த்து ஈட்டியார் மெல்ல நழுவினார். சாய்ந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, குளத்தில் வாயை வைத்தார்.

வைத்த வேகத்தில் துப்பினார். அது தண்ணீரே அல்ல, கடல். தொண்டை எரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் கரையைப் பார்த்தார். ஈர மண்ணில் மானின் குளம்படிகள் பதிந்திருந்தன. வந்ததும் திரும்பியதுமாக ஒன்றின் மேல் ஒன்று எத்தனையோ அடிகள். செவந்தி நாளெல்லாம் இங்கே வந்து வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஒருவேளை இப்போதாவது மாறியிருக்காதா என்று மறுபடி வந்திருக்கிறாள். புயலன்று நக்கிய மழைத்தண்ணீருக்குப் பிறகு அவள் வாயில் நல்ல நீர் பட்டிருக்காது.

ஈட்டியாருக்கு இப்போது விளங்கியது. அவள் கால் நடுங்கியது துக்கத்தால் அல்ல. தொண்டை கட்டியது அழுகையால் அல்ல. தாய்க்கே தண்ணீர் இல்லை என்றால் மடியில் பால் ஏது? குட்டி தூங்குகிறது என்றல்லவா எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் எப்படிச் சொல்வது? தண்ணீர் உப்பு என்று உனக்கு எப்படித் தெரியும் என்று நரியம்மாள் கேட்பாள். ஊருக்கெல்லாம் முறை சொன்னவன் துக்க வீட்டில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்தான் என்பது சாயங்காலத்துக்குள் மேட்டுக்காடு முழுவதும் பரவிவிடும். பிறகு யார் தன்னை மதித்து முறை கேட்பார்கள்? இப்படி யோசித்தபடியே அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மானம் என்பது முள்ளைவிடக் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள்.

பட்டும் படாமலும் கேட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"தங்கச்சி, இங்க தண்ணி வசதியெல்லாம் எப்படி?" என்றார்.

செவந்தி தலை நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நரியம்மாள் சீறினாள்.

"நல்லா இருக்கு ஈட்டியாரே! எழவு வீட்டுல தண்ணிப் பேச்சா? நீங்கதானே எங்களுக்கு அவ்வளவு தூரம் சொன்னீங்க?"

செவந்தி வாயை மூடிக்கொண்டாள். ஈட்டியாரும் மூடிக்கொண்டார். மயில் ஒரு பெருமூச்சு விட்டு, கடல் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைச் சரியாகச் சொல்லும்படி கேட்டது.

அந்தச் சமயத்தில் குட்டி அசைந்தது. தலையைத் தூக்கித் தாயின் மடியைத் தேடியது. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது. பிறகு அழவும் இல்லை, முரண்டு பிடிக்கவும் இல்லை. விட்டுவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொண்டது. பசிக்கிற குட்டி அழுதால் பயமில்லை. அழாமல் விட்டுவிடுகிறதே, அதுதான் பயம். ஈட்டியாருக்கு அது தெரியும். அவரும் பிள்ளை பெற்று வளர்த்தவர்தான்.

அவர் எழுந்து நின்றார். முதுகு முட்களெல்லாம் சிலிர்த்து நின்றன.

"கதை போதும்" என்றார். "அந்தக் குளத்துத் தண்ணி உப்பு. வாயில வைக்க முடியாது. இந்தப் பொண்ணு இத்தனை நாளாத் தண்ணியில்லாமக் கிடக்கா. குட்டிக்குப் பால் இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நரியம்மாள், ஈட்டியார் நினைத்தபடியே.

"நான் குடிச்சேன். அந்த மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு குடிச்சேன். தாகம் தாங்கல."

காட்டுப்பன்றி ஏதோ சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. நரியம்மாளின் கண் குட்டியின் மேல் போனது. அப்புறம் தாயின் வெடித்த உதட்டின் மேல் போனது. இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்த உதடுதான். அவள் ஈட்டியாரை விட்டுவிட்டுச் செவந்தியின் கிட்டே போய் உட்கார்ந்தாள்.

"ஏண்டி தாயி, எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்கக் கூடாதா?"

"கேட்கத்தான் நினைச்சேன் அக்கா" என்றாள் செவந்தி. "வர்றவங்க எல்லாரும் வந்ததும் வராததுமா அழுதீங்க. எனக்காக அழறவங்களைப் போய் எப்படி வேலை வாங்குறது? நடந்ததைச் சொல்லுன்னீங்க, சொன்னேன். என்ன வேணும்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்."

ஈட்டியார் அவள் முன்னே மண்டியிட்டார். இப்படி ஒரு முறை எந்தச் சடங்கிலும் கிடையாது.

"இப்பக் கேட்கிறேன் தங்கச்சி. உனக்கு என்ன வேணும்?"

"நகம் வேணும் அண்ணே" என்றாள் அவள்.

அவர்களுக்கு முதலில் புரியவில்லை. அவள் தலையைத் திருப்பிக் குளத்துக்கு அப்பால் இருந்த மணல்மேட்டைக் காட்டினாள். கடல் அந்த மேட்டின் மேல் ஏறவில்லையாம். அதன் அடியில் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்று அவளுக்குத் தெரியும். நாள்தோறும் போய்த் தோண்டியிருக்கிறாள். ஆனால் குளம்பால் மணலை அள்ள முடியுமா? தோண்டத் தோண்டச் சரிந்து மூடிக்கொண்டதாம். அதுவும் பொழுது கிடைத்தபோதுதான். பாதிப் பொழுது வந்தவர்களுக்குக் கதை சொல்வதிலேயே போய்விட்டது.

ஈட்டியார் தன் முன்னங்கால்களைப் பார்த்தார். வளை தோண்டியே காய்த்துப்போன நகங்கள். நரியம்மாள் தன் பாதத்தைப் பார்த்தாள். அழுங்குக்கு இருந்த நகமோ கரையான் புற்றையே பெயர்க்கும். அத்தனை நகத்தையும் மடக்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

அதற்குமேல் யாரும் யாருக்கும் முறை சொல்லவில்லை. ஒரே ஓட்டமாக மேட்டுக்குப் போனார்கள். அழுங்கு முதலில் இறங்கியது. அதன் பக்கத்தில் ஈட்டியார் இறங்கினார். காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைத் தள்ளியது. முயல்கள் பின்னங்காலால் விசிறின. மயில்கூடத் தோகையை வாரிச் சுருட்டிக்கொண்டு கிளறியது. மணல் சரிந்தபோதெல்லாம் நரியம்மாள் குறுக்கே படுத்துத் தடுத்தாள். அவள் வாய் ஓய்ந்திருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். மண் ஈரமானது. பிறகு குளிர்ந்தது. பிறகு ஒரு கையளவு நீர் கலங்கலாக ஊறி நின்றது.

"இதுவும் உப்பா இருந்தா?" என்று முயல் ஒன்று பயந்தது.

"ஈட்டியாரே, நீங்க குடிச்சுப் பாருங்க" என்றாள் நரியம்மாள். "இந்த வேலையில நீங்கதான் பழகினவர்."

ஈட்டியார் நாக்கை நீட்டி ஒரு சொட்டு தொட்டுப் பார்த்தார். மண் வாசனை அடித்தது. உப்பு இல்லை. நல்ல தண்ணீர்தான் என்று தலையை ஆட்டினார்.

நரியம்மாளும் காட்டுப்பன்றியும் இரண்டு பக்கமும் அணைத்துச் செவந்தியை மேட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அவள் திரும்பும்வரை மயில் குட்டிக்கு நிழலாகத் தோகையை விரித்து நின்றது. செவந்தி குடித்தாள். நீர் ஊற ஊறக் குடித்தாள். தாகத்தோடு வந்த யாரும் அவளுக்கு முன்னே அதில் வாய் வைக்கவில்லை. வெயில் சாய்ந்தபோது அவள் திரும்பி வந்து படுத்ததும் குட்டி மறுபடி மடியைத் தேடியது. இந்தத் தரம் விடவில்லை. வாயோரம் பால் வழிய இழுத்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்த செவந்தி திடீரென்று அழுதாள். புயலுக்குப் பிறகு அவள் அழுதது அப்போதுதான். மற்றவர்கள் எல்லாரும் அவளுக்காக அழுதார்கள். அவளுக்கு மட்டும் அழுவதற்கு உடம்பில் நீர் இருக்கவில்லை. செத்துப்போன துணையின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஈட்டியார் முட்களைப் படிய மடக்கிக்கொண்டு, குத்தாத அளவுக்கு எவ்வளவு கிட்டே வர முடியுமோ அவ்வளவு கிட்டே வந்து, பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள், நடந்தது என்ன என்று கேட்கும் முன்னே, வேண்டியது என்ன என்று கேட்க வேண்டும்.