ஆவாரம்பட்டை

அந்தக் கோடையில் பாறைக் கரட்டில் பச்சை என்று சொல்ல ஆவாரஞ்செடிகள் மட்டும்தான் மிச்சம். கள்ளியே சுருங்கிப்போயிருந்தது. ஆவாரை பாறை இடுக்கில் வேரை விட்டுக்கொண்டு, யார் வீட்டுக் கல்யாணமோ என்பதுபோல் மஞ்சளாகப் பூத்து நின்றது.

தில்லைநாயகத்துக்கு அது போதும். திண்டுக்கல்லில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தன்னைவிட வயதில் இளையவரான கரட்டுச் சாமியாரிடம் வந்து சேர்ந்தார். காவி வேண்டும் என்றார். சாமியார் பிடிகொடுக்கவில்லை. அதனால் தில்லைநாயகம் தானாகவே நேர்ந்துகொண்டார். ஒரு மண்டலம், அன்றன்று விடியலில் பறித்த ஆவாரம்பூவைக் குகை முருகனுக்குச் சாத்துவது. ஒருநாள் தவறினாலும் காவி கேட்பதில்லை.

நாளைக்கு மண்டலம் முடிகிறது. உடுத்தியிருக்கும் வெள்ளை வேட்டியையே தோய்த்துக்கொள்வதாக ஏற்பாடு. காவிக்கல்லை இழைத்துக் குடத்தில் கரைத்தும் வைத்துவிட்டார்.

அன்று காலை அரிவாளோடு ஓபுளம்மா மேலே ஏறி வந்தாள். அடிவாரத்தில் தோல் பதனிடுகிறவள்.

"சாமி, இந்தச் செடிகள்ல பட்டை உரிச்சுக்கறேன்."

"நாளன்னைக்கு வாம்மா" என்றார் தில்லைநாயகம்.

"நாளன்னைக்குன்னா நான் வரவேண்டாம். தோலே புழு வச்சு நடந்து வந்துரும்."

"வேற எங்கயும் இல்லையா?"

"சுத்துப்பட்டுல எல்லாத்தையும் அடுப்புக்கு வெட்டிட்டாங்க. தோலைச் சுண்ணாம்புல இருந்து எடுத்தாச்சு. இன்னிக்குப் பட்டைத் தண்ணியில போட்டாகணும்."

"எனக்கு நேர்ச்சை இருக்கு. விடிஞ்சதும் பூப் பறிக்கணும்."

"பூவை இப்பவே பறிச்சு வச்சுக்கங்க. எனக்குப் பட்டைதான்."

"பழைய பூ ஆகாதும்மா."

"பழைய தோலும் ஆகாதுங்களே."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். அவர் ஓரடி பின்னால் போனார்.

"வாடைக்கு ஒதுங்கறீங்களாக்கும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "இந்தத் தோலு கெட்டுச்சுன்னா, மழை வர்ற வரைக்கும் எங்க வீட்டுல அடுப்பு எரியாது சாமி."

தில்லைநாயகம் குகைக்குள் போனார். சாமியார் பாயில் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தார்.

"வெளிய பேசினது கேட்டிருக்கும். குடுக்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

"தாகமா இருக்கு நாயகம். சுனையில தண்ணி மொண்டுட்டு வாங்க."

சுனை ஆழத்தில் கிடந்தது. வழக்கம்போல் தோல்பையைக் கயிற்றில் இறக்கினார். இழுத்து மேலே எடுக்கும்போது பையின் வாய் முகத்தருகே வந்தது. இத்தனை நாளும் பாறையின் வாசம் என்று அவர் நினைத்திருந்த துவர்ப்பு வாசம். சற்றுமுன் எதற்கு ஓரடி பின்வாங்கினாரோ, அதன் பழைய, அடங்கிய வாசம். தினமும் முருகனுக்கு இந்தத் தண்ணீரில்தான் அபிஷேகம் செய்துவந்தார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குகைக்குத் திரும்பினார்.

சாமியார் தண்ணீரைக் கண்மூடிக் குடித்தார். "பை ஒழுகுது போல" என்றார். மறுபடி கீற்றை எடுத்துக்கொண்டார்.

தில்லைநாயகம் வெளியே வந்து ஓபுளம்மாவிடம் அரிவாளை வாங்கினார். செடிகளை அடிக்கட்டை விட்டு வெட்டிச் சாய்த்தார். மொட்டு நிறைந்த ஒரு செடியை மட்டும் தொடவில்லை. அவள் அதைப் பார்த்தாள்.

இருவருமாகக் கட்டுகளைச் சுமந்து இறங்கினார்கள். பட்டையை உரித்து, இடித்து, தொட்டியில் கொட்டினார்கள். உச்சிப்பொழுது சாய்ந்தபோது ஓபுளம்மா விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

"துவர்ப்புப் பத்தல" என்றாள், தொட்டியைப் பார்த்தபடி.

தில்லைநாயகம் அந்த வெயிலில் மறுபடியும் கரடு ஏறினார். திரும்பி வரும்போது அவர் தோளில் மொட்டும் பூவுமாக அந்தக் கடைசிச் செடி கிடந்தது.

தோலைப் புரட்டிப் போட இரண்டு பேர் வேண்டும். அவர் ஒரு முனையைப் பிடித்தார்.

"வேட்டியை மடிச்சுக் கட்டுங்க சாமி. இந்தக் கறை போகவே போகாது!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் அவர் இடுப்புவரை தெறித்திருந்தது.

மறுநாள் விடியலில் முருகன் முன்னால் வெறுங்கையோடு நின்றார். வேட்டி முழுக்கப் பழுப்பும் செம்மையுமாய்த் திட்டுத் திட்டாகக் கறை. வாடை வேறு. சாமியார் காவிக் குடத்தின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பூ எங்க நாயகம்?"

"இல்லீங்க. செடியெல்லாம் தொட்டிக்குப் போயிருச்சு."

"நேர்ச்சை?"

"முறிஞ்சு போச்சு. இனிமே காவி கேக்கற யோக்கியதை எனக்கில்ல. கடைக்கே திரும்பிப் போயிடறேன்."

சாமியார் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். தில்லைநாயகம் பின்னாலேயே போனார். நேற்று வெட்டிய ஆவாரங்கட்டைகளின் அருகே சாமியார் குனிந்து, ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். செந்நிறத் தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கியது.

"சாமி, அது காவித் தண்ணி! எனக்குன்னு கரைச்சது!"

சாமியார் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். தில்லைநாயகத்தின் வேட்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"தோய்ச்ச துணியை இன்னொரு தடவை தோய்ப்பாங்களா? ஜவுளிக்காரர் நீங்கதான் சொல்லணும்."