கல் போன பக்கம்

மடத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் அம்பலவாணர். தலை நரைத்த சீடர். குருவுக்கோ அவர் மகன் வயதுதான் இருக்கும்.

அன்று மடத்துச் சமையற்கட்டில், குருவின் முன்னால் குழம்பிப்போய் நின்றார்.

"சாமி, சமன்பாட்டுல கூட்டல்ல இருக்கிற எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனா கழித்தலா மாறும்னு பாடம் எடுத்தேன். செங்கமலம்னு ஒரு பொண்ணு, ஏன் மாறுதுன்னு கேட்டுட்டா."

"என்ன சொன்னீங்க?"

"எனக்கே தெரியல. கோபம் வந்துடுச்சு. வெளியே போய் நில்லுன்னுட்டேன்."

"அப்புறம்?"

"அன்னைக்கிலிருந்து தினமும் வந்து வாசல்லயே நிக்கிறா. உள்ளேயிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிறா. வெயில்ல நிக்கிறதுதான் படிப்புன்னா செங்கல் சூளைக்கே வரட்டும்னு அவ அப்பா சொல்லிட்டார். திங்கட்கிழமை கூட்டிட்டுப் போயிடுவாராம். எனக்குப் பயமா இருக்கு சாமி."

குரு அரிசி நிறுக்கும் தராசை எடுத்தார். ஒரு தட்டில் ஒரே அளவான இரண்டு வெல்ல உருண்டைகளையும் மூன்று எடைக்கற்களையும் வைத்தார். மறு தட்டில் அதே மாதிரி ஏழு கற்கள். முள் நடுவில் நின்றது.

"ஒரு உருண்டை எத்தனை கல்?"

இதுகூடத் தெரியாதா என்ன? அம்பலவாணர் அந்த மூன்று கற்களையும் எடுத்து அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். தட்டு தொப்பென்று இறங்கியது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தப் பக்கம் போனா கழியணுமே சாமி. கூடிப்போச்சே!"

"பாவம், கல்லுக்கு உங்க பாடம் தெரியாது."

அம்பலவாணர் கற்களைப் பழையபடி வைத்தார். மறுபடி மூன்றை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு விழித்தார். தராசு சாய்ந்தே கிடந்தது. தயங்கித் தயங்கி மறு கையால் எதிர்த் தட்டிலிருந்தும் மூன்றை எடுத்துக் கீழே வைத்தார். முள் நடுவுக்கு வந்தது.

பிறகு அவரே ஒரு உருண்டையை எடுத்தார். எதிர்த் தட்டில் இருந்த நாலு கல்லில் இரண்டை எடுத்துக் கீழே வைத்தார். முள் மறுபடி நடுவில் நின்றது.

"ரெண்டு கல்" என்றார் மெதுவாக. "எதுவுமே அந்தப் பக்கம் போகலையே சாமி. இங்கே எடுத்ததை அங்கேயும் எடுத்தோம், அவ்வளவுதானே?"

குரு வெல்லத்தைப் பானையில் போட்டார்.

அம்பலவாணருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இது போதும். இப்பவே போய் அவளை உள்ளே கூப்பிடுறேன்."

"அவளை வெளியே எடுத்து வச்சாச்சு. நீங்க மட்டும் உள்ளேயே நின்னு கூப்பிட்டா எப்படி, வாத்தியாரே?"

அம்பலவாணர் பள்ளி வாசலை நோக்கி நடந்தார். கையில் இன்னும் மூன்று கற்கள் இருந்தன.