சலோமிக்குக் கொடுக்காத அரிசி

பெத்தேல்விளையில் தபித்தாள் என்று ஒருத்தி இருந்தாள். சட்டம் தவறாதவள். ஞாயிற்றுக்கிழமை ஊசியில் நூல் கோக்க மாட்டாள். லெந்து என்ற தவக்கால நாட்களில் மீன்காரியை வாசலில் ஏறவிட மாட்டாள். கோயிலில் யாராவது முக்காடு போடாமல் நின்றால் பின்னாலிருந்து செருமுவாள்.

"மோசே வாறா. கட்டளைக் கற்பலகை காலுல விழப்போகுது, வெலகுங்கடி" என்று குழாயடியில் பெண்கள் சிரிப்பார்கள்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பெரிது பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் முதல் பிடியைக் கர்த்தருக்கென்று ஒரு மண்கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் ஒரு நாள் மறப்பார்கள், கஷ்டம் வந்தால் பிடியைச் சின்னதாக்குவார்கள். தபித்தாள் மறந்ததும் இல்லை, குறைத்ததும் இல்லை.

ஐப்பசி மழையில் உப்பளங்கள் மூடிக் கிடந்தன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய தங்கச்சி சலோமி வந்தாள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தவள். புருஷனுக்கு உப்பளத்தில் வேலை. நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, மகளோடு வாசலில் நின்றாள். அவள் இப்படிக் கேட்டு வருகிறவள் இல்லை.

"யக்கா, கொஞ்சம் அரிசி இருந்தாக் குடேன். வீட்டுல கெழங்கும் தீந்துட்டு."

"இங்கயும் இல்லளா. மத்தியானத்தோட முடிஞ்சிட்டு. மழையில கடைக்காரனும் தெறக்கல."

சலோமியின் கண் மூலையிலிருந்த கலயத்தில் போய் நின்றது. கழுத்துவரை நிறைந்து, மேலே வெள்ளைத்துணி கட்டியிருந்தது.

"அது?"

"அது கர்த்தருக்கு எடுத்தது. விடிஞ்சா கோயிலுக்குப் போகணும். அதுல கை வைக்கப்பிடாது, தெரியும்லா?"

சலோமி சிரித்துவிட்டாள்.

"ஒன் கர்த்தருக்கு நல்ல பசி போலுக்கு" என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

கொழுப்பெடுத்தவள் என்று தபித்தாள் நினைத்தாள். மறுநாள் கோயிலில் அரிசியைக் கொட்டியபோது அவள் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

அதன்பிறகு சலோமி வரவில்லை. இவளும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுட்டபோது ஒரு தூக்குவாளி நிறைய எடுத்து வைத்தாள். வாயாடினவள் அவள்தானே, அவளே வரட்டும் என்று பிறகு அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். லெந்து பிறந்ததும், நாள் முடியட்டும், ஈஸ்டருக்குப் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தாள். மனுஷருக்கு நினைப்பதற்கு மட்டும் எப்போதும் நேரம் இருக்கிறது. ஈஸ்டர் வருமுன் சலோமி காய்ச்சலில் போய்விட்டாள்.

அடக்கத்தன்று தபித்தாள் அந்த வீட்டுப் படலைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை.

அதிலிருந்து ஒரு பிடிக்கு இரண்டு பிடி எடுத்தாள். பிறகு மூன்று. காலைச் சாப்பாட்டை விட்டாள். அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டாள். கோயிலில் இராப்போஜன அப்பமும் ரசமும் எடுக்க ஊரே எழுந்து போகும்போது இவள் கடைசியில் உட்கார்ந்தே இருப்பாள். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தாள். மனசு மட்டும் லேசாகவில்லை.

கடைசியில் கோயில் ஊழியம் பார்க்கும் உபதேசியாரைத் தேடிப் போனாள். ஏசுவடியான் என்று பேர். அவளைவிட இளையவர்தான். ஆனால் வேதத்தில் தெரியாததை அவரிடம்தான் கேட்பாள், அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்ல மாட்டாள். கோயிலுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் அவர் தனியாக இருந்தார். சுளகில் கொஞ்சம் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா ஐயா?"

"இன்னைக்கு இவ்வளவு போதும்."

"நாளைக்கு?"

"நாளைக்குள்ள கல்ல நாளைக்குப் பொறுக்குவோம். இருங்கம்மா."

அவள் இருக்கவில்லை. சலோமி வந்ததையும் போனதையும் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள்.

"எனக்கு ஒரு தண்டனை சொல்லுங்கய்யா. மூணு பிடி எடுத்துப் பாத்துட்டேன், பத்தல. எவ்வளவு எடுத்தா சரியாவும்?"

உபதேசியார் ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டார்.

"அந்த வாரத்து அரிசி எங்க போச்சு?"

"கர்த்தருக்குப் போச்சு."

"நான் தின்னேன்."

அவள் விழித்தாள்.

"அந்த மழையில வேற யாரும் கொண்டு வரல. ஒங்க கலயம் மட்டுந்தான் வந்துச்சு. பொங்கி, தொவையல் அரச்சுத் தின்னேன். ருசியாத்தான் இருந்துச்சு."

பிடியரிசி உபதேசியாருக்குப் போவது ஊரறிந்த காரியம். தபித்தாளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் மனசில் அந்த அரிசி இத்தனை வருஷமும் கோயிலிலிருந்து நேரே வானத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. துவையலைத் தொட்டு ஒரு மனுஷன் அதைத் தின்றதை இப்போதுதான் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியாதுல்லா" என்றாள் மெதுவாக.

"தெரியாது. தெரிஞ்சிருந்தா எறங்கியிருக்காது."

சுளகை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்க, போவோம்."

"எங்கய்யா?"

"ஒங்க தங்கச்சி வீட்டுக்கு."

"அவதான் இல்லையே."

"அவ மக இருக்கால்லா."

"அப்ப ஒரு நிமிசம் நில்லுங்க. வீட்டுல அரிசி இருக்கு. ஒரு சாக்கு நெறய எடுத்துட்டு வந்துருதேன்."

"வேண்டாம். அப்படியே வாங்க."

"வெறுங்கையோட எப்படிய்யா ஒரு வீட்டுக்குப் போறது?"

"சலோமி வந்தாளே."

உச்சி வெயிலில் செம்மண் பாதையில் அவர் முன்னே நடந்தார். அவள் நாலடி பின்னால் போனாள்.

சலோமியின் மகள் பியூலா அப்போதுதான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். அப்பன் உப்பளத்துக்குப் போயிருந்தான். படலைத் திறந்து வருகிறவர்களைப் பார்த்தாள். "வாங்க" என்று உபதேசியாரிடம்தான் சொன்னாள். அவர் கை கழுவிக்கொண்டு, கேட்காமலே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

தபித்தாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மக்கா, அன்னைக்கு ஒங்கம்மா வந்தப்ப எங்கிட்ட அரிசி இருந்துச்சு."

"தெரியும் பெரியம்மா. நானுந்தான கூட நின்னேன்."

"ஒங்கம்மா ஏதும் சொன்னாளா?"

"போற வழியெல்லாம் சிரிச்சா. வீட்டுக்கு வந்து அழுதா."

பியூலா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எனக்கு ஒங்க மேல கோவம் போகல. போகுமான்னும் தெரியல" என்றாள். பிறகு கும்பாவை எடுத்துத் தண்ணீர் விட்டு அலசினாள். "வெயில்ல நடந்து வந்திருக்கிய. சோறு போடட்டா?"

தபித்தாள் உபதேசியாரிடம் திரும்பினாள்.

"ஐயா, இந்த வீட்டுச் சோத்துல கை வைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நீங்களாவது சொல்லுங்க. நான் என்ன செஞ்சா இது தீரும்?"

"அந்தப் பிள்ள ஒங்ககிட்ட என்ன கேட்டா?"

"சோறு போடட்டான்னு கேட்டா."

"அதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் உபதேசியார்.