உறைக்குள் இல்லாத கேபிள்

கோத்தகிரி சைக்கிள் கிளப் தலைவர் தேவசிகாமணிக்கு விலை அதிகமென்றால் போதும், பொருத்தம் பார்க்கமாட்டார். கைப்பிடியில் மாட்டும் கியர் லிவரான ஷிஃப்டரை ஒரு கம்பெனியிலும், பின்சக்கரத்தில் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லரை வேறு கம்பெனியிலும் வாங்கிவந்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை, கியர் நிற்காமல் தாவியது.

"சாமான்ல குத்தமில்ல, உன் கைதான் சரியில்ல. சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் மெக்கானிக் சவரிமுத்துவிடம்.

காலையிலிருந்து கழற்றி மாட்டி அலுத்துப்போயிருந்த சவரிமுத்து, "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் உறுப்பினர்கள் பார்க்கத் தலைவர் மைதானத்தைச் சுற்றிவந்தார். லிவரை அழுத்த அழுத்த டக், டக்கென்று சத்தம் வந்தது.

"எவ்வளவு அழகா கியர் மாறுது பாத்தீங்களா! நான் பாத்து வாங்கின சாமான்!"

சவரிமுத்து சட்டைப்பையிலிருந்து சுருட்டிய கம்பியை எடுத்து நீட்டினார்.

"ஐயா, ரெண்டையும் இணைக்கிற கேபிள் இதுதாங்க. கழட்டினதைத் திரும்ப மாட்டவே இல்ல. வெளிய தெரியிறது வெறும் உறை. லிவர் சத்தம் போட்டுச்சு, கியர் மாறல."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. தலைவர் மெதுவாக இறங்கினார்.

"இப்ப எதைய்யா மாத்தணும்?"

"ரெண்டு சாமான்ல ஒண்ணை மாத்துங்கய்யா. ஆளை மாத்தினா இது சேராது" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக ஸ்டூலில் உட்கார்ந்தார் சவரிமுத்து.