சூளையில வெந்த பாலம்

ஒரே ஒரு ஊருல சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். சட்டி பானை செய்யுறவ. ஒத்தை மக அஞ்சலைய ஆத்துக்கு அக்கரையில கட்டிக் குடுத்திருந்தா. பங்குனியில சேதி வருது, அஞ்சலை மாசமா இருக்கான்னு. சந்தோசம் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? ஒம்பதாம் மாசம் வளைகாப்பு போட்டுத்தான் அனுப்புவாங்க, அதுவும் ஐப்பசி, பிள்ளை பொறக்குறதும் ஐப்பசி. வருசா வருசம் ஐப்பசி வெள்ளத்துல ஆத்து மரப்பாலம் விழுந்துருமே!

ஏன் விழுதுன்னு கேளுங்க. தச்சன் சடையன் வேணும்னே பச்சை மரத்தை நடுவான். அது தண்ணியக் குடிச்சு ஊதி அழுகினாத்தானே மறுவருசமும் அவனுக்குக் கூலி நெல்லு! படுபாவி.

"தம்பி, இந்த வருசமாவது நல்ல மரமா நடுப்பா"ன்னு சிலம்பாயி கெஞ்சினா.

"தண்ணியில நின்னா எந்த மரமும் அழுகத்தான் செய்யும், போக்கா"ன்னுட்டான்.

வீட்டுக்கு வந்தா, கோடை மழை பேஞ்சு முடிஞ்சிருக்கு. வாசல்ல இருந்த சுடாத பானை கரைஞ்சு சேறாக் கெடக்கு, சுட்ட பானை தண்ணிய ஏந்திக்கிட்டு ஜம்முன்னு உக்காந்திருக்கு. "அட, மரத்தையும் சுட்டுப் பார்த்தா என்ன?"ன்னு தோணுச்சாம்.

ஊரே சிரிச்சுது. சடையன் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "அடுப்புக்கும் பாலத்துக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளை!"

மொதத் தரம் தீயில போட்டா, சாம்பலாப் போச்சு. ரெண்டாந் தரம் சட்டுனு எடுத்துட்டா, உள்ள பச்சையாவே இருந்து தண்ணியில ஊதிப்போச்சு. மூணாந் தரம், பானைய அடுக்குற மாதிரியே மரத்தைச் சூளையில அடுக்கி, வைக்கோல் மூடி, காத்துப் போகாம சேறு பூசி, மூணு நாள் மெதுவா வேகவிட்டா. ஆறினப்புறம் பிரிச்சா, கருங்காப்பி நெறத்துல மரம்! தட்டுனா டங்குனு சத்தம்! தொட்டித் தண்ணியில போட்டு வச்சுப் பார்த்தா ஊதவே இல்ல. தூங்காதீங்கடி, இனிமேதான் இருக்கு.

அந்த மரத்தை ஊன்றி, சடையன் பாலத்துக்குக் கீழ்ப்பக்கமா, தண்ணி ஓடுற தெசையில கொஞ்சம் தள்ளி, தனியா ஒரு பாலம் போட்டா. ஐப்பசி வந்துச்சு, மழை வந்துச்சு, வெள்ளமும் வந்துச்சு. சிலம்பாயி ஓடினா அக்கரைக்கு, நெறமாச மகள் கையப் புடிச்சுக்கிட்டுத் திரும்புனா. பாதிப் பாலத்துல வரும்போது ஆத்து மேல்பக்கத்துல மடமடன்னு சத்தம். சடையன் பாலம் விழுந்துருச்சு, அதுமேல நின்ன சடையனும் விழுந்துட்டான்! உருண்டு பொரண்டு வந்தவன் இவ பாலத்துக் காலை இறுக்கிக் கட்டிக்கிட்டான்.

"அக்கா! காப்பாத்துக்கா!"

அஞ்சலை அந்த வயித்தோட சிரிச்சா. "அம்மா, அடுப்பு மரத்தைப் போய்க் கட்டிப் புடிச்சிருக்காரு பாரு!"

"சிரிக்காதடி, உசுருடி"ன்னு சிலம்பாயி முந்தானைய வீசி அவனைத் தூக்கிவிட்டா.

பச்சை மரத்து வண்டவாளம் ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைலருந்து, கூலியில்லாம சூளைக்கு மரம் சுமக்குறது சடையன் வேலை.

பிள்ளை பொறந்து முப்பதாம் நாள் அஞ்சலை அதைத் தூக்கிட்டுப் பாலத்துக்கு வந்து, கறுத்த மரத்துக்கு மஞ்சள் பூசி, "நீ தாங்குனே, நாங்க வந்து சேர்ந்தோம்"னு கும்பிட்டா. பின்னாடி சத்தமில்லாம கும்பிட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? சடையன்தான்!

அவங்க அக்கரைக்கும் இக்கரைக்கும் சொகமா நடந்தாங்க, நாம இங்க நனையாமப் படுத்திருக்கோம். மேல நம்ம கூரையத் தாங்குற உத்தரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத் தூங்குங்க.