எழுநூறு கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்கிரிப்ட்

“ஒவ்வொரு சீட்டா நடந்து நடந்து காலே தேஞ்சு போச்சுங்க மேடம். எழுநூறு கம்ப்யூட்டருக்கும் ஒரே ஸ்கிரிப்ட் போதும். பாஸ்வேர்டைக் கொடுங்க” என்றான் சென்னியப்பன்.

கோவையில் பம்ப்செட் செய்யும் கம்பெனி அது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு ஜைனப்தான் தலைவி. சென்னியப்பன் அவரிடம் புதிதாகச் சேர்ந்தவன். அவர் வயதுதான் இவனுக்கும். வேறு கம்பெனியில் நல்ல பெயர் வாங்கியவன், அந்தப் பெயரையும் தலையில் தூக்கிக்கொண்டே வந்திருந்தான்.

அந்த வாரம் பில் போடும் சாஃப்ட்வேர் நிறையப் பேருக்கு மக்கர் பண்ணியது. அதன் பழைய ஃபைல்களை அழித்தால் மறுபடி திறக்கும். ஜைனபோ ஒவ்வொரு சீட்டுக்கும் போய்க் கையால் அழிக்கச் சொல்லிவிட்டார்.

சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீம்புக்கு உட்கார்ந்து, கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு ஸ்கிரிப்ட் ஆக்கிவிட்டான். பாஸ்வேர்ட் மட்டும் கிடைத்தால், அந்த ஸ்கிரிப்டே எல்லாக் கம்ப்யூட்டரிலும் புகுந்து வேலையை முடித்துவிடும்.

ஜைனப் அதை வாங்கிக் கடைசி வரி வரை படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“சரியா இருக்குங்களா?”

“நீங்கதான் சொல்லணும்.”

“கண்ணை மூடிட்டு ஓட்டலாம் மேடம்.”

“எழுநூறுலயும்?”

“எழுநூறுலயும்.”

ஜைனப் ஸ்கிரிப்டைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து அவர் எழுதிச் சேர்த்த வேலை அத்தனையும் அதில்தான் இருக்கிறது. பிரிவில் எல்லோருக்கும் அது தெரியும். சென்னியப்பன் அவசரமாகக் குறுக்கே கையை நீட்டினான்.

“உங்களுதுல வேண்டாங்க மேடம். இன்னொரு தடவை பார்த்துக்கறேன்.”

“எழுநூறுல இதுவும் ஒண்ணுதானே?”

என்டரைத் தட்டிவிட்டார்.

திரையில் ஃபைல் பெயர்கள் ஓடின. பில் ஃபைல்கள் அல்ல. எல்லாம் ஜைனபின் ஃபைல்கள்.

அவர் கம்ப்யூட்டரில் பில் போடும் சாஃப்ட்வேரே கிடையாது. அவர் யாருக்குப் பில் போடப் போகிறார்? அந்த சாஃப்ட்வேர் இருக்கும் இடத்தைத் தேடு, அங்கே உள்ளதை அழி என்றுதான் சென்னியப்பன் எழுதியிருந்தான். இடமே கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று எழுதவில்லை. இடம் தெரியாத ஸ்கிரிப்ட் அவர் ஃபைல்கள் இருந்த மொத்த டிரைவையும் அழித்துக்கொண்டிருந்தது.

பாய்ந்து போய் வயரைப் பிடுங்கினான். மறுபடி போட்டுப் பார்த்தபோது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல டிரைவ் காலியாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பம்ப்புகளை வரைகிற டிசைன் பிரிவில் ஒருவரிடமும் பில் சாஃப்ட்வேர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டவுடனே பாஸ்வேர்ட் கிடைத்திருந்தால் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

“இன்னொரு காப்பி இருக்குதுங்களா மேடம்?”

ஜைனப் காலித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படிச்சப்பவே தெரிஞ்சுதுங்களா?”

“தெரிஞ்சுது.”

“சொல்லியிருக்கலாமே மேடம்.”

“சொல்லியிருந்தா ஸ்கிரிப்டை மட்டும்தான் திருத்தியிருப்பீங்க.”

ஒரு துண்டுச் சீட்டில் பாஸ்வேர்டை எழுதி நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத்தான் சென்னியப்பன் வாயைத் திறந்தான். ஆனால் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்தான்.

கை நடுங்கியது.

அதைப் பார்த்த பிறகுதான் ஜைனப் தன் பக்கத்து நுனியை விட்டார்.